நாற்றங்காலும் மதகும்

அத்தியாயம் 7: புதுப் பயனர் கணக்குக்கு முன்னமைவு வைத்தல்

திண்டிவனத்தில் ஒரு சிறிய கணினி மையம். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கும்போது பிரிண்டர் நின்றுவிட்டது. ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. தட்டு நிறையத் தாள் இருந்தும் "தாள் வை" என்று கேட்கிறது. மையத்துப் பையன் தட்டை உருவினான், தாளைத் தட்டி அடுக்கினான், மறுபடி செருகினான், பிரிண்டரை அணைத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. "அண்ணா, உடனே வாங்க" என்று எனக்குப் போன்.

விழுப்புரத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் காத்திருந்து, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் மேம்பாலத்தில் இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வேலையை முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பிரிண்டரில் எந்தக் குறையும் இல்லை. அன்று காலை ஒரு புதிய பயனர் கணக்கு போட்டிருந்தார்கள். அதன் மொழி அமெரிக்க ஆங்கிலம். அந்த மொழியோடு ஒட்டிக்கொண்டு வருவது 'லெட்டர்' என்ற தாள் அளவு: 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். தட்டில் இருந்ததோ ஏ4: 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். லெட்டர் தாள் வரும் வரும் என்று பிரிண்டர் காத்துக்கொண்டிருந்தது. நேரு வீதியில் எந்தக் கடையில் தாள் கேட்டாலும் ஏ4தான் எடுத்துத் தருவார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அந்தக் கணக்கில் தாள் அளவை மாற்றிவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் இன்னொரு புதுக் கணக்கு, அதே ஆரஞ்சு விளக்கு, அதே போன். நான் ஒவ்வொரு வயலாக ஓடிக்கொண்டிருந்தேன், கோளாறு நாற்றங்காலில் இருந்தது. அது புரிந்த பிறகுதான் இந்த அத்தியாயத்தில் உள்ள வேலைகளைச் செய்யத் தொடங்கினேன்.

முன்னமைவு இருக்கும் இரண்டு இடங்கள்

'டீஃபால்ட் செட்டிங்' என்று நாம் சொல்வது, பயனர் எதையும் தொடாதபோது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு. பள்ளி ஆய்வகம், நூலகம், பிரவுசிங் சென்டர் ஆகிய இடங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. அவர்களுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்வது கணக்கைப் போட்டுக் கொடுப்பவர்தான்.

லினக்ஸ் கணினியில் இந்த முடிவுகளை இரண்டு இடங்களில் வைக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

முதலாவது நாற்றங்கால். புதுக் கணக்கு உருவாகும்போது கணினி ஒரு மாதிரிக் கோப்புறையைத் தேடிப்போய், அதில் உள்ள அத்தனையையும் புதியவரின் வீட்டுக் கோப்புறைக்குள் நகலெடுக்கிறது. ஒரே ஒரு முறைதான். நாற்றைப் பிடுங்கி நட்ட பிறகு நாற்றங்காலில் என்ன உரம் போட்டாலும் வயலில் நிற்கும் பயிருக்குப் போய்ச் சேராது.

இரண்டாவது மதகு. கணினி முழுமைக்கும் பொதுவான அமைப்புகள் இங்கே இருக்கும். ஏரி மதகைத் திறந்தால் எல்லா வாய்க்காலுக்கும் தண்ணீர் போவதுபோல, இங்கே செய்யும் மாற்றம் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டுக்கும் போகும். ஒருவர் தன் கணக்கில் அந்த அமைப்பைத் தானே மாற்றி வைத்திருந்தால் அவருடையது அப்படியே நிற்கும். அவரும் மாற்றக் கூடாது என்றால் மதகைப் பூட்ட வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது.

எதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க எனக்கு உதவும் கேள்விகள் மூன்று:

1. இதைப் பின்னாளில் மாற்ற வேண்டி வருமா? வரும் என்றால் மதகு.
2. இது பயனர் எடுத்துத் திருத்தி எழுதப்போகும் கோப்பா? ஆம் என்றால் நாற்றங்கால்.
3. இதை யாராவது மாற்றினால் அடுத்தவருக்குக் கெடுதல் வருமா? வரும் என்றால் மதகில் வைத்துப் பூட்டு.

மனு எழுத மாதிரித் தாள், உதவிக் குறிப்பு போன்றவை நாற்றங்காலுக்கு. தாள் அளவு, விசைப்பலகை, உலாவியின் முகப்புப் பக்கம் மதகுக்கு. உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா என்பது மதகுக்கும் பூட்டுக்கும்.

நாற்றங்கால்: ஸ்கெல் கோப்புறை

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவற்றிலும் நாற்றங்காலின் முகவரி ஒன்றுதான். கணினியின் வேர்க் கோப்புறையில் 'ஈ டி சி' என்ற மூன்று எழுத்துக் கோப்புறை இருக்கும், எட்ஸி என்று படிப்பார்கள். அதற்குள் 'எஸ் கே ஈ எல்' என்ற நான்கு எழுத்துக் கோப்புறை. ஸ்கெலிடன், அதாவது எலும்புக்கூடு என்பதன் சுருக்கம்.

திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளைக் கணினி மறைத்து வைக்கும். கன்ட்ரோல் விசையையும் ஹெச் விசையையும் சேர்த்து அழுத்தினால் அவை தலைகாட்டும். டெபியனில் வழக்கமாக மூன்று இருக்கும், மூன்றும் முனையத்துக்கான அமைப்புகள். அவற்றைத் தொடாமல் நம் பொருள்களை வைப்போம். இங்கே எழுத நிர்வாகி உரிமை வேண்டும்.

நான் வைப்பவை:

• வார்ப்புருக்களுக்கான 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையில் ஒரு வெற்று மனுத் தாள்: ஏ4 அளவு, தமிழ் யூனிகோடு எழுத்துரு, அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், கையொப்பம் எல்லாம் அதனதன் இடத்தில். இதை வைத்துவிட்டால், கோப்புறையில் வலது சொடுக்கு செய்ததும் 'புதிய ஆவணம்' என்ற வரியில் மனுத் தாள் வந்து நிற்கும்.

• ஒரு பக்கக் குறிப்பு: தமிழுக்கு மாறும் விசை எது, பென் டிரைவை எப்படிக் கழற்றுவது, வெளியேறுவது எப்படி. அவ்வளவு போதும்.

மனுத் தாளைத் தயாரிக்கும்போது ஒரு நுணுக்கம். லிப்ரே ஆஃபிஸில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துரு தனித்தனி. நீங்கள் மேலே எழுத்துருவை மாற்றுவீர்கள், ஆங்கில எழுத்து மட்டும் மாறும், தமிழ் அசையாமல் நிற்கும். மொழி அமைப்புகளில் 'சிக்கலான எழுத்து அமைவு' என்ற பகுதியைச் செயல்படுத்தி, அங்கே தமிழைத் தேர்ந்துகொண்டு, அதற்கென்று எழுத்துருவும் அளவும் குறிக்க வேண்டும். மாதிரித் தாளில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் அதை எடுப்பவர் யாருக்கும் மறுபடி அந்தத் தலைவலி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கணக்கின் மொழி தமிழ் என்றால், முதல் நுழைவில் பதிவிறக்கம், ஆவணம் போன்ற கோப்புறைகளைக் கணினி தமிழ்ப் பெயரில் உருவாக்கும். நீங்கள் ஸ்கெலில் ஆங்கிலப் பெயரில் வைத்த கோப்புறை பக்கத்தில் தனியே கிடக்கலாம், உள்ளே இருக்கும் மனுத் தாள் மெனுவில் வராது. முதலில் ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து, கணினி என்ன பெயர் வைக்கிறது என்று பார்த்து, அதே பெயரை ஸ்கெலில் வையுங்கள்.

நாற்றோடு களையை நடாதீர்கள்

குறுக்கு வழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டு, எல்லாவற்றையும் நம் விருப்பத்துக்கு அமைத்து, அதன் வீட்டுக் கோப்புறையை மொத்தமாக ஸ்கெலுக்குள் கொட்டிவிட்டால் என்ன?

நான் செய்து பார்த்து அடிபட்டிருக்கிறேன். பல நிரல்கள் தம் அமைப்புக் கோப்பில் வீட்டுக் கோப்புறையின் முழு முகவரியை எழுதி வைக்கும். மாதிரிக் கணக்கின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டே வரும். புதியவர் கோப்பைச் சேமிக்கப் போனால் அது வேறொருவர் வீட்டைத் தட்டும், உரிமை இல்லை என்று திரும்பி வரும். அதைவிட மோசம், மாதிரிக் கணக்கில் நீங்கள் பார்த்த தளங்களின் வரலாறு, உலாவியில் சேமித்த கடவுச்சொல், முனையத்தில் அடித்த கட்டளைகள், சாவிக் கோப்புகள் எல்லாம் ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு நகலாகப் போய்ச் சேரும்.

ஆகவே மொத்தமாக வேண்டாம். தேவையான கோப்பை ஒவ்வொன்றாக எடுத்து, உரைத் திருத்தியில் திறந்து, மாதிரிக் கணக்கின் பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகு வையுங்கள்.

மொழி, தாள், தேதி

பிரிண்டர் கதைக்கு வருவோம். இடைமுக மொழியும் வட்டார வடிவமைப்பும் வேறு வேறு. திரையில் ஆங்கிலம்தான் வேண்டும் என்று பையன்கள் கேட்டால் கொடுங்கள். ஆனால் 'ஆங்கிலம், இந்தியா' என்று கொடுங்கள். 'ஆங்கிலம், அமெரிக்கா' என்று விட்டால் தாள் லெட்டராகும், தேதியில் மாதம் முன்னால் வரும். 5-6 என்று எழுதியது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று விண்ணப்பத்தில் குழப்பம் வந்தால் அதற்கு விலை அதிகம். இந்தியா என்று வைத்தால் ஏ4, நாள் முதலில், ரூபாய்க் குறி மூன்றும் ஒருசேர வந்துவிடும். கணினி முழுமைக்குமான மொழி அமைப்பில் இதைச் செய்யுங்கள், அது மதகுப் பக்கம்.

ஏற்கெனவே லெட்டர் அளவில் சேமித்த கோப்புகள் இதனால் மாறிவிடாது. தாள் அளவு கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். அவற்றைத் திறந்து பக்க அமைப்பில் கையால்தான் மாற்ற வேண்டும்.

தமிழ் விசைப்பலகை

எங்கள் பக்கத்தில் தமிழ் அடிக்க வருகிறவர்கள் மூன்று வகை. தட்டச்சுப் பயிலகத்தில் விரல் பழகிய மூத்தவர்களுக்குப் பழைய தட்டச்சு முறை வேண்டும். கைபேசியில் பழகிய பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வாங்குவார்கள். முறையாகக் கற்றவர்கள் தமிழ்99 கேட்பார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரமான விசைப்பலகை அது. மூன்றையும் பட்டியலில் வைத்து, தமிழ்99-ஐத் தமிழில் முதலாவதாக வையுங்கள்.

பட்டியலில் தமிழ்99 என்ற பெயரில் இரண்டு தென்படலாம். ஒன்று வெறும் விசை வரைபடம், ஒரு விசைக்கு ஒரு எழுத்து. மற்றது 'எம்17என்' என்ற உள்ளீட்டுத் தொகுப்போடு வருவது, அடுத்தடுத்த எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பது. 'அக்கா' அடித்துச் சோதியுங்கள்: அ, க, க, ஆ என்று நான்கு விசை. முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்து, இரண்டாவது க ஆ-வோடு சேர்ந்து கா ஆனால் அதுதான் சரியானது. புள்ளி விழவில்லை என்றால் நீங்கள் எடுத்தது வரைபடம்.

எழுத்துருவைக் கணினி முழுமைக்கும் நிறுவுங்கள், ஸ்கெலில் வேண்டாம். ஐம்பது கணக்கில் ஐம்பது நகல் எதற்கு? லோகித், நோட்டோ இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய வானவில், பாமினி கோப்புகளோடு இன்றும் ஆள் வருவார்கள். யூனிகோடு எழுத்துருவில் அவை புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். உரிமம் இடம் கொடுத்தால் அந்த எழுத்துருக்களையும் நிறுவி வையுங்கள், படிக்க மட்டும். முன்னமைவாக அவற்றை வைத்துவிட்டால் புதுக் கோப்பும் பழைய சிக்கலோடு பிறக்கும்.

மதகும் பூட்டும்

க்னோம் மேசைத்தளத்தில் மதகின் பெயர் 'டிகான்ஃப்'. இதிலும் வேலை எட்ஸி கோப்புறைக்குள்தான். வரிசை இது:

1. 'புரொஃபைல்' கோப்பில் இரண்டு வரி: முதலில் பயனரின் சொந்தத் தரவு, அடுத்து கணினியின் பொதுத் தரவு. கணினி இந்த வரிசையில்தான் தேடும், பயனர் வைத்தது கிடைத்தால் அதையே எடுக்கும்.
2. பொதுத் தரவுக் கோப்புறையில் ஒரு உரைக் கோப்பு. விசைப்பலகைப் பட்டியல், திரை பூட்டும் நேரம் முதலியவற்றை அதில் எழுதுங்கள்.
3. பூட்ட வேண்டியவற்றை 'லாக்ஸ்' என்ற உள்கோப்புறையில் வரிக்கு ஒன்றாகக் குறியுங்கள்.
4. டிகான்ஃப் கட்டளையோடு 'அப்டேட்' சேர்த்து ஓட்டுங்கள். இதை மறந்தால் எழுதியது எதுவும் நடைமுறைக்கு வராது. வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள்.

ஃபயர்பாக்ஸ் உலாவிக்குத் தனி மதகு இருக்கிறது: எட்ஸிக்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் பாலிசிஸ் கோப்புறையில் ஒரே ஒரு கொள்கைக் கோப்பு. முகப்புப் பக்கம், கடவுச்சொல் சேமிப்புக்குத் தடை, மூடும்போது வரலாற்றை அழித்தல் மூன்றையும் அதில் வைக்கலாம். முகவரிப் பட்டையில் 'அபௌட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'பாலிசிஸ்' என்று சேர்த்தால் எவை நடப்பில் உள்ளன என்று உலாவியே பட்டியல் காட்டும்.

பூட்டைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். சுவர்ப்படத்தைப் பூட்டி யாருக்கும் லாபமில்லை. எழுத்தின் அளவைப் பூட்டினால் கண் மங்கிய பெரியவர் திரையோடு முட்டிக்கொண்டு படிப்பார்.

வீட்டுக் கதவு

ஒரு கணக்கில் வைத்த ஆதார் நகலை அடுத்த கணக்குக்காரர் திறந்து பார்க்க முடியுமா? இதைத் தீர்மானிப்பது வீட்டுக் கோப்புறையின் அனுமதி எண். பழைய டெபியனில் அது 755: எவரும் உள்ளே வந்து படிக்கலாம். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து 750, டெபியன் 12-இல் 700. பழைய பதிப்பு ஓடும் கணினியில் 'ஆட்யூசர்' கட்டளையின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'டிர் மோடு' என்ற வரியில் 700 என்று எழுதுங்கள். இது நாற்றங்கால் வகை. ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்குக் கதவை நீங்களே ஒவ்வொன்றாகச் சாத்த வேண்டும்.

புதியவரை 'சூடோ' குழுவில் சேர்க்காதீர்கள், அது நிர்வாகியின் சாவி. கடவுச்சொல்லைக் காலாவதி ஆக்கிக் கொடுத்தால் முதல் நுழைவிலேயே அவர் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வார்.

ஒரு வகுப்பு முழுவதற்கும் கணக்கு போட 'நியூயூசர்ஸ்' என்ற கட்டளை கைகொடுக்கும் என்று நினைப்போம். வீட்டுக் கோப்புறையை உருவாக்கும், ஆனால் ஸ்கெலில் இருந்து எதையும் நகலெடுக்காது. நாற்பது பேருக்கும் காலி வீடு கிடைக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்யூசரையே திரும்பத் திரும்ப ஓட்டும் சிறு நிரல் எழுதுவது நல்லது. எழுதத் தெரியாது என்றால் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினரைக் கேளுங்கள். கட்டற்ற மென்பொருளைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவரும் குழு அது.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே நாற்றங்கால் சி டிரைவில், 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'டீஃபால்ட்'. அதன்மேல் இன்னொரு கணக்கை அப்படியே நகலெடுத்துப் போடுவது ஆபத்து. மைக்ரோசாஃப்ட் ஏற்கும் வழி 'சிஸ்பிரெப்', அது பெரிய ஆய்வகங்களுக்கான வேலை. நாலைந்து கணினி வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி இரண்டு போதும்.

ஒன்று, கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்', அதில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' பக்கம், 'காப்பி செட்டிங்ஸ்' பொத்தான். உங்கள் கணக்கில் இந்திய அமைப்பை வைத்துக்கொண்டு, இங்கே 'புதிய பயனர் கணக்குகள்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் இனி பிறக்கும் கணக்கெல்லாம் அப்படியே பிறக்கும். இரண்டு, 'பப்ளிக்' பயனரின் டெஸ்க்டாப் கோப்புறை. அதில் போடும் குறுக்குவழி எல்லோர் திரையிலும் தெரியும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும்போது, முதல் கணக்கைப் போடுவதற்கு முன்பே மேலே சொன்னதை முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் இரட்டை வேலை.

சோதனைக் கணக்கு

எல்லாம் முடிந்ததும் 'சோதனை' என்று ஒரு கணக்கு போட்டு, செட்டிங்ஸ் பக்கமே போகாத ஒருவர்போல உட்காருங்கள்.

• வலது சொடுக்கில் மனுத் தாள் வருகிறதா?
• அ, க, க, ஆ அடித்தால் 'அக்கா' வருகிறதா?
• புதிய ஆவணத்தில் தாள் ஏ4-ஆ? ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள்.
• உலாவி கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்கிறதா? கேட்கக் கூடாது.
• வேறொரு கணக்கின் வீட்டைத் திறக்க முடிகிறதா? முடியக் கூடாது.

எல்லாம் சரி என்றால் சோதனைக் கணக்கை அதன் வீட்டுக் கோப்புறையோடு சேர்த்து நீக்குங்கள். ஏதாவது பிசகினால் திருத்திவிட்டு, புதிதாக இன்னொரு சோதனைக் கணக்கு போடுங்கள். பழையதிலேயே பார்த்தால் ஸ்கெலில் செய்த திருத்தம் தெரியாது, காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்த அமைப்பை எங்கே, எந்தத் தேதியில், எதற்காக மாற்றினீர்கள் என்று வரிக்கு ஒன்றாக எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். கணினி செத்தால் புதியதில் அரை நாளில் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடலாம்.

திண்டிவனத்துப் பையனிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். பல மாதம் போன் இல்லை. ஒரு நாள் வந்தது: பிரிண்டர் நின்றுவிட்டது, ஆரஞ்சு விளக்கு. நோட்டைப் பிரித்துத் தாள் அளவைப் பார்க்கச் சொன்னேன். ஏ4. வட்டாரம்? இந்தியா. பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவனே மறுபடி கூப்பிட்டான். "அண்ணா, வர வேணாம். தட்டுல பேப்பர் தீர்ந்துபோச்சு."